சதுரகிரி: ஏறுவது பாதிதான்

அமாவாசைக்கு முந்தைய இரவிலிருந்தே வத்திராயிருப்பு கடைத்தெருவில் வெளியூர் முகங்கள் தென்படத் தொடங்கிவிடும். மதுரைப் பக்கத்திலிருந்து வேன் பிடித்து வந்தவர்கள், கிருஷ்ணன்கோவிலில் இறங்கி பஸ் மாறியவர்கள், ராஜபாளையத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்த இளவட்டங்கள் என்று எல்லாருக்கும் போகிற இடம் ஒன்றுதான். தென்னந்தோப்பும் மாந்தோப்பும் முடிந்து மலை தொடங்குகிற தாணிப்பாறை. அங்கிருந்து சதுரகிரி சுந்தரமகாலிங்கம் சந்நிதி வரை ஏறத்தாழ 10 கிலோமீட்டர் என்பது ஊர்க்கணக்கு. ரோடு கிடையாது, ரோப்கார் கிடையாது. காலையில் ஏறி, கும்பிட்டுவிட்டு, அதே நாளில் இறங்கிவிட வேண்டும். இரவு மேலே தங்க வனத்துறை விடுவதில்லை.

10 கிலோமீட்டர்தானே என்று தோன்றும். திருவண்ணாமலை கிரிவலமே 14 கிலோமீட்டர்; வயதானவர்களும் பேசிக்கொண்டே சுற்றி வந்துவிடுகிறார்கள். ஆனால் அது தார்ச்சாலை, சமதளம். மலைநடையைத் தூரத்தால் மட்டும் அளந்தால் ஏமாந்துபோவோம் என்பதை 1892-இலேயே ஸ்காட்லாந்தின் மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் ஒரு எளிய கணக்காகச் சொல்லிவைத்தார். ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம். அதோடு, ஏறுகிற ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி நேரம். சதுரகிரியின் ஏற்றத்தை வெறும் 600 மீட்டர் என்று குறைத்து வைத்தாலும் மூன்று மணி நேரம் ஆகிவிடுகிறது. அதுவும் எங்கும் உட்காராமல் நடக்கிற திடகாத்திரமானவருக்கு. பாறை தாண்டி, ஓடை கடந்து, குழந்தைக்குத் தண்ணீர் கொடுத்து, கூட்டத்தில் நின்று நின்று போகிற நம் ஆட்களுக்கு நான்கு, ஐந்து மணி நேரம் சாதாரணம்.

பாதை ஒரே சீராகவும் இருப்பதில்லை. தொடக்கத்தில் ஓடையை ஒட்டியே போகிறது. மாங்கேணி ஓடை, பெயரிலேயே எச்சரிக்கை வைத்திருக்கும் வழுக்குப்பாறை, சங்கிலிப்பாறை என்று கல்லின் மேல்தான் நடை. சில இடங்களில் படி செதுக்கியிருக்கிறார்கள். பல இடங்களில் உருண்டைக் கற்களுக்கு நடுவே நாமே கால் வைக்க இடம் தேட வேண்டும். கோரக்கர் குகை, இரட்டை லிங்கம், நாவல் ஊற்று, பச்சரிசிப் பாறை என்று வழிநெடுக உள்ள பெயர்கள் பக்திக்கு மட்டுமல்ல, உட்கார்ந்து எழுந்திருக்கவும் உதவுகின்றன. பலமுறை வந்தவர்கள் கிலோமீட்டர் சொல்வதே இல்லை. இரட்டை லிங்கம் வந்துவிட்டதா, பசுக்கிடை தாண்டியாச்சா என்றுதான் கேட்பார்கள். பிலாவடிக் கருப்பர் வந்துவிட்டால் கோயில் பக்கத்தில்தான்.

மேலே சுந்தரமகாலிங்கம் சற்றே சாய்ந்த திருமேனியாக இருக்கிறார். மாடு மேய்த்த பச்சைமால், பசுவின் மடியில் பால் குடித்தவர் யாரென்று தெரியாமல் கம்பால் அடித்துவிட்டான், அந்த அடியில் சாய்ந்ததுதான் இது என்பது தலபுராணம். இன்னும் சற்று மேலே சந்தன மகாலிங்கம். அதற்கும் அப்பால் பெரிய மகாலிங்கம், தவசிப்பாறை என்று செங்குத்தான இடங்கள் இருக்கின்றன. ஒரே நாளில் திரும்ப வேண்டியவர்கள் அங்கே ஆசை வைக்காமல் இருப்பது நல்லது.

ஏனென்றால் சந்நிதியில் பயணம் முடிவதில்லை, பாதியில்தான் நிற்கிறது. மலையேற்றம் பற்றிப் பேசுகிற எல்லாரும் மூச்சு வாங்குவதைப் பற்றியே பேசுகிறார்கள். நுரையீரலுக்கும் இதயத்துக்கும் ஏற்றத்தில்தான் சோதனை, சரி. ஆனால் காலுக்கு இறக்கம்தான் எமன். ஏறும்போது தொடைத்தசை சுருங்கி உடலை மேலே தூக்குகிறது. இறங்கும்போது அதே தசை, சுமையைத் தாங்கியபடியே நீண்டுகொடுத்து, ஒவ்வொரு அடியிலும் பிரேக் போடுகிறது. தசை இழைகளில் நுண்ணிய கிழிசல்கள் அதிகம் உண்டாவது இப்படி நீளும்போதுதான். அன்று இரவு ஒன்றும் தெரியாது. வலி அடுத்த நாளும் அதற்கு மறுநாளும்தான் உச்சத்துக்கு வரும். சதுரகிரி போய்வந்தவரை மூன்றாம் நாள் வீட்டு மாடிப்படியில் பார்த்தால் அடையாளம் கண்டுகொள்ளலாம், பக்கவாட்டில் இறங்கிக்கொண்டிருப்பார்.

இந்தச் சோர்ந்த கால்களோடுதான் வழுக்குப்பாறையை மறுபடி கடக்க வேண்டும். வெளிச்சமும் அப்போது குறைந்துகொண்டிருக்கும். மலை மடிப்புக்குள் சூரியன் முகட்டுக்குப் பின்னால் போய்விட்டால், சமவெளியில் வெயில் அடிக்கும்போதே பாதையில் நிழல் விழுந்துவிடுகிறது. எனவே இந்த நாளைத் திட்டமிடுகிறவர் கணக்கைப் பின்னாலிருந்து தொடங்க வேண்டும். எத்தனை மணிக்குத் தாணிப்பாறைக்குத் திரும்பியிருக்க வேண்டும், அதற்கு எத்தனை மணிக்கு மேலிருந்து கிளம்ப வேண்டும், ஆகவே எத்தனை மணிக்குள் பிலாவடிக் கருப்பரை எட்டவில்லையென்றால் திரும்பிவிட வேண்டும்? காலையில் குறிப்பிட்ட நேரத்தோடு வனத்துறை கேட்டை மூடிவிடுவது பலருக்கு எரிச்சல். ஆனால் அந்தக் கணக்கு சரியானதுதான்.

இந்தக் கட்டுப்பாட்டுக்கு ஓடைகளின் குணம் இன்னொரு காரணம். மேற்குத் தொடர்ச்சி மலையின் இந்தப் பகுதியில் சரிவு செங்குத்து, பாறைமேல் மண் குறைவு. மேலே பெய்கிற மழை ஊறி நிற்காமல் அப்படியே இறங்கி வருகிறது. அடிவாரத்தில் ஒரு துளி விழாதபோதுகூட, முழங்கால் நனையாத ஓடை சிறிது நேரத்தில் ஆளை இழுக்கும் வெள்ளமாகிவிடும். 2015 மே மாதம் வைகாசி அமாவாசைக்கு வந்தவர்களுக்கு நேர்ந்தது அதுதான். திடீர் மழையில் ஓடை பெருகி, பக்தர்கள் சிலர் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தார்கள். ஏராளமானோர் மேலேயே சிக்கிக்கொண்டார்கள். கட்டுப்பாடுகள் இறுகியது அதற்குப் பிறகுதான்.

கோடையில் ஆபத்து தீயாக வருகிறது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி 20 பேருக்கு மேல் இறந்தார்கள். அவர்களில் ஒரு குழுவினர் கொழுக்குமலையிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தவர்கள். அந்த ஆண்டே மலையேற்றத்துக்குத் தமிழக அரசு தனி விதிகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் வனத்துறையே வழிகாட்டியோடு அழைத்துப்போகும் 40 மலைப்பாதைகள் அறிவிக்கப்பட்டன. சதுரகிரி ஏறும் பக்தர்களுக்கு அந்த வழிகாட்டி வசதி இல்லை. கூட்டத்தையே வழிகாட்டியாக நம்பித்தான் மக்கள் நடக்கிறார்கள். உண்மையில் இங்கே வழி தெரிந்தவர்கள் தாணிப்பாறையில் குடியிருக்கும் பளியர் பழங்குடியினர். முதியவர்களை டோலியில் சுமப்பதும், கோயிலுக்குச் சாமான் ஏற்றுவதுமாக இந்தப் பாதையில் நடந்து பழகியவர்கள் அவர்களில் உண்டு. வானத்தைப் பார்த்து அவர்கள் ஒரு வார்த்தை சொன்னால் கேட்பது புத்திசாலித்தனம்.

இது அவர்களுடைய காடு மட்டுமல்ல. 1988-இல் சாம்பல் நிற அணில் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட வனம், 2021 பிப்ரவரியில் மேகமலையோடு சேர்ந்து ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகமானது. நாட்டில் 51-ஆவது, தமிழகத்தில் ஐந்தாவது. அந்த அணில் தரைக்கு அதிகம் வராது. ஒரு மரத்தின் கிளை அடுத்த மரத்தோடு சேர்கிற இடங்களில்தான் தாவிப் போகும். மூச்சு வாங்க நிற்கும்போது அண்ணாந்து பார்த்தால், உடம்பு நீளத்துக்கு வால் தொங்கவிட்டபடி உட்கார்ந்திருப்பதைப் பார்க்க வாய்ப்புண்டு. ஸ்பீக்கர் வைத்துப் பாட்டுப் போட்டுக்கொண்டு ஏறுகிறவர்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

பையில் வைக்க வேண்டியவை அதிகமில்லை. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், உப்பு சேர்ந்த தின்பண்டம், பிடிப்புள்ள பழகிய செருப்போ ஷூவோ, ஒரு டார்ச், இறக்கத்துக்கு ஒரு கைத்தடி. புதுச் செருப்பு வேண்டவே வேண்டாம். இதயக் கோளாறோ மூட்டுவலியோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் கிளம்பக் கூடாது. பாலிதீன் பை கேட்டிலேயே பறிபோகும். அனுமதிக்கும் நாளும் நேரமும் மழை, தீ, திருவிழாக் கூட்டத்தைப் பொறுத்து மாறுவதால், வண்டி பேசுவதற்கு முன்பே வத்திராயிருப்பு வனச்சரக அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள்.