புஷ்ராடைக் கடைசியில் வாங்குங்கள்

1955-இல் ஷெவர்லே கொண்டுவந்த ‘ஸ்மால் பிளாக்’ வி8 இன்ஜினை வீட்டு ஷெட்டிலேயே பிரித்து, கழுவி, திரும்ப மாட்டுகிறவர்கள் அமெரிக்காவில் இன்றும் ஏராளம். பிஸ்டன், ரிங், பேரிங் எல்லாவற்றையும் அளந்து அளந்து பூட்டுகிறவர்கள்கூட புஷ்ராடு என்று வந்ததும் பழைய நீளத்தையே கேட்டு வாங்கிவிடுவதுண்டு. அளந்தே ஆக வேண்டிய பொருள் அதுதான்.

இந்த இன்ஜினில் கேம் ஷாஃப்ட் கீழே, பிளாக்கின் நடுவில் இருக்கிறது. வால்வுகள் மேலே ஹெட்டில். கேமின் மேடு லிஃப்டரைத் தூக்க, லிஃப்டர் புஷ்ராடைத் தள்ள, புஷ்ராடு ராக்கரின் ஒரு முனையை உயர்த்த, மறுமுனை இறங்கி வால்வைத் திறக்கிறது. 16 வால்வுக்கு 16 புஷ்ராடு. சுமார் 8 மி.மீ. பருமன், ஏறக்குறைய 198 மி.மீ. நீளமுள்ள எஃகுக் குழாய். அதன் உள்துளை வழியாகத்தான் ராக்கருக்கு ஆயிலும் ஏறுகிறது.

கம்பெனி நீளம் கம்பெனி இன்ஜினுக்குத்தான் சரி. பிளாக்கின் முகத்தைச் சீவியிருப்பார்கள், ஹெட்டையும் சீவியிருப்பார்கள். கேஸ்கெட் வேறு தடிமன். புது கேமின் அடிவட்டம் சிறியது. வால்வு கொஞ்சம் நீளம். சில மாற்றங்கள் ராடை நீளமாகக் கேட்கும், சில குட்டையாகக் கேட்கும். இந்தக் கூட்டல் கழித்தல் எல்லாம் புஷ்ராடின் தலையில்தான் விடிகிறது. மற்றதெல்லாம் மாட்டி முடித்த பிறகே அதை வாங்கச் சொல்வது அதனால்தான்.

நம் ஊரில் பழைய வார்ப்பிரும்பு இன்ஜின் புல்லட் வைத்திருந்தவர்களுக்கு இது விசித்திரமாக இருக்கும். அதில் புஷ்ராடின் அடிமுனையிலேயே திருகு உண்டு. விரலால் சுற்றினால் ராடு சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது என்று பார்த்து வைத்துவிடலாம். ஷெவர்லேயில் ராடின் நீளம் மாறாது. ராக்கரைப் பிடித்திருக்கும் நட்டை ஏற்றி இறக்கியே இடைவெளியைச் சரிசெய்கிறோம். அதனால் கொஞ்சம் நீளமான ராடும் பொருந்தியதுபோல இருக்கும், குட்டையானதும் பொருந்தியதுபோல இருக்கும். ஆனால் ராக்கர் எந்த உயரத்தில் நின்று ஆடுகிறது என்பதை முடிவு செய்வது ராடின் நீளம்.

அந்த உயரம் ஏன் முக்கியம்? ராக்கரின் முனை நேராக இறங்குவதில்லை, வில்லாக வளைந்து இறங்குகிறது. வால்வு பாதி திறந்திருக்கும்போது ராக்கரின் கை வால்வுத் தண்டுக்குச் செங்குத்தாக இருந்தால், முனை சற்றே வெளியே போய், வந்த வழியே திரும்பிவிடும். கை 38 மி.மீ., வால்வு இறங்குவது 12.7 மி.மீ. என்று வைத்துக் கணக்குப் போட்டால் முனை நகர்வது அரை மி.மீ. சொச்சம். அதே கை வால்வு மூடியிருக்கும்போதே செங்குத்தாக இருந்துவிட்டால் 2 மி.மீ.க்கு மேல் ஒரே பக்கமாக இழுக்கும். நான்கு மடங்கு! ஒவ்வொரு திறப்பிலும் வால்வைப் பக்கவாட்டில் தள்ளினால் வால்வு கைடு தேயும், ஆயில் உள்ளே இறங்கும், சைலன்சரில் நீலப் புகை வரும்.

சோதனைக்கென்று நீளம் கூட்டிக் குறைக்கக்கூடிய திருகு புஷ்ராடு கிடைக்கிறது. வால்வில் கைக்கு அடங்குகிற மெல்லிய ஸ்பிரிங் போட்டுக்கொள்ளுங்கள். ஹைட்ராலிக் லிஃப்டரானால் சோதனைக்கு மட்டும் திடமான லிஃப்டர் வையுங்கள். இல்லையென்றால் உள்ளிருக்கும் பிளஞ்சர் அமுங்கி அளவைக் கெடுத்துவிடும். வால்வின் நுனியில் மார்க்கர் மையைத் தடவி, ராக்கரை மாட்டி, அந்தச் சிலிண்டரின் இரண்டு வால்வும் மூடியிருக்கும் நிலையில் இடைவெளி இல்லாமல் நட்டை வைத்து, கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். ராக்கரைக் கழற்றினால் மை அழிந்த இடத்தில் பளபளவென்று ஒரு பட்டை தெரியும். அது எக்ஸாஸ்ட் பக்கம் ஒதுங்கியிருந்தால் ராடு பெரும்பாலும் நீளம். இன்டேக் பக்கம் ஒதுங்கியிருந்தால் குட்டை.

பட்டை நடுவில் விழுந்தால் போதும் என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பட்டை எவ்வளவு குறுகலாக இருக்கிறது என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது. நுனியின் ஓரத்தைத் தொடாதவரை, குறுகிய பட்டை கொஞ்சம் தள்ளி விழுந்தாலும் குற்றமில்லை. அகலமான பட்டை நடுவில் இருந்தாலும் அந்த இழுப்பு இழுப்புதான். ராடைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி, பட்டை மிகக் குறுகும் நீளத்தைத் தேடுங்கள். இன்டேக், எக்ஸாஸ்ட் இரண்டிலும் பாருங்கள்.

கண்டுபிடித்த நீளத்தை அளப்பதிலும் ஒரு சிக்கல். சாதாரண 150 மி.மீ. வெர்னியர் இந்த ராடுக்கு எட்டாது, பெரியது வேண்டும். அதோடு, முனைக் குண்டுகளில் ஆயில் துளை இருப்பதால் நுனி சற்றுத் தட்டையாக இருக்கும். சில தயாரிப்பாளர்கள் தட்டை முதல் தட்டை வரை அளக்கிறார்கள். சிலர் குண்டு முழுதாக இருந்தால் வரும் நீளத்தைச் சொல்கிறார்கள். ஒரே ராடுக்கு இரண்டு எண். எந்தக் கணக்கு என்று கேட்டுவிட்டே ஆர்டர் கொடுங்கள். வந்த ராடுகளில் ஒன்றை மாட்டி, மை தடவி, இன்னொரு முறை சுற்றிப் பார்த்த பிறகே மீதி 15-ஐயும் உள்ளே இறக்குங்கள்.