முகிலின் வித்து

கடல்நீர் வெயிலால் ஆவியாகி மேலெழுந்து, குளிர்ந்து முகிலாகி, மழையாகப் பொழிகின்றதென்பது பள்ளிச் சிறாரும் அறிந்த செய்தி. ஆயினும் அச் செய்தியின் நடுவே ஒரு படி விடுபட்டிருக்கின்றது. குளிர்ந்த ஆவி துளியாவதற்கு ஒரு பற்றுக்கோடு வேண்டும். காற்றில் மிதக்கும், கண்ணுக்குப் புலனாகாத நுண்டுகளே அப் பற்றுக்கோடாம். அத்துகள் எப்பொருளால் ஆயது என்பதைப் பொறுத்தே துளி பிறப்பதும் பிறவாமையும் அமைகின்றன. சேது நாட்டுக் கீழக்கரையை எடுத்துக்கொண்டு இதனை விளக்குதல் எளிது, என்னெனின், இவ்வாராய்ச்சிக்கு வேண்டிய துகள் வகைகள் பலவும் அக் கரையில் உள, மழையோ அரிது.

இவ்வுண்மையை முதலிற் சோதித்துக் கண்டவர் பிரெஞ்சு தேசத்துக் கூலியே என்பவர், ஆண்டு 1875. ஸ்காட்லாந்து தேசத்து ஜான் ஐட்கன் 1880-ஆம் ஆண்டில் இதனை விரித்துரைத்தார். அவர் ஒரு கண்ணாடிக் கலத்திற் சாதாரணக் காற்றையும், மற்றொன்றிற் பஞ்சின் வழியே வடிகட்டிய காற்றையும் நிரப்பி, இரண்டிலும் நீராவியைச் செலுத்தினார். முன்னதில் வெண்மையான மூடுபனி நிறைந்தது. பின்னதில் யாதும் தோன்றவில்லை. தூசு அறவே நீங்கிய காற்றில் ஆவி தானே துளியாக வேண்டுமாயின், அக் காற்று தாங்கவல்ல முழு அளவைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு ஆவி அதில் திரள வேண்டும். இயற்கை முகிலிலோ, ஆவி அம் முழு அளவை நூற்றுக்கு ஒரு பங்கு மிஞ்சுவதும் அரிது.

காரணம் யாதெனின்: மிகச் சிறு துளியின் மேற்பரப்பு மிகவும் வளைந்திருக்கும். வளைவு மிகுந்தவிடத்து நீரின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பற்றும் பிடி தளர்கின்றது; ஆதலின் துளி பிறந்தவுடனே மீண்டும் ஆவியாகிவிடும். அந் நீரில் உப்புக் கரைந்திருப்பின், அவ்வுப்பு நீரை எளிதில் தப்பிப்போக விடாது. வளைவு நீரைத் துரத்த, உப்பு அதனை இருத்துகின்றது. இப் போட்டியில் எத்துணைப் பெரிய துகள், எத்துணை ஈரத்தில் வெல்லும் என்பதை ஸ்வீடன் தேசத்து ஹில்டிங் கோலர் 1936-ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையிற் கணக்கிட்டுக் காட்டினார். முகிற்றுளியை ஆராய்வோர் இன்றும் அக் கணக்கையே முதலாகக் கொள்கின்றனர்.

இதன் ஒரு பாதியை நம் அடுக்களையிலேயே காணலாம். அடைமழைக் காலத்தில் உப்புச் சாடியைத் திறந்தால் உப்பு நீர்த்துக் கையில் ஒட்டும். பக்கத்திற் கிடக்கும் அடுப்புக்கரியோ உலர்ந்தபடியே இருக்கும். காற்றின் ஈரம் நூற்றுக்கு 75 பங்கை எட்டியவுடன் சோற்றுப்பு ஆவியை இழுத்துத் தானே கரையத் தொடங்குகின்றது. கந்தகப் புகையினின்று உண்டாகும் அமோனியம் சல்பேட்டு என்னும் உப்பு 80 பங்கு ஈரத்திற் கரையும். புதிய புகைக்கரிக்கு இவ்வியல்பு இல்லை. நீர் அதன்மேற் பற்றாது.

இனிக் கீழக்கரைக்கு வருவோம். மன்னார் வளைகுடாவில் அலை உடையுந்தோறும் எண்ணிறந்த நீர்க்குமிழிகள் வெடிக்கின்றன. வெடித்த குமிழியினின்று தெறிக்கும் நுண்டுளி காற்றில் உலர, உப்புத்துகள் எஞ்சுகின்றது. அண்மையிலுள்ள வாலிநோக்கத்தில் அரசாங்க உப்புக் கழகத்தின் அளங்கள் பரந்து கிடத்தலால், காற்றிலுள்ள உப்பும் அங்கிருந்தே வருவதாகச் சிலர் கருதலாம். காற்றுக்கு உப்பை வழங்குவது அளமன்று, அலையே. கிணற்று நீரைக் கைக்க வைக்கும் உப்புத்தான் முகிலுக்குச் சிறந்த வித்தாகவும் அமைகின்றது.

அங்ஙனமாயின் அக் கரை ஏன் வறண்டு கிடக்கின்றது? ஆனி ஆடி மாதங்களிற் கச்சான் காற்று கடலைக் கலக்கி வீசுகின்றது. உப்புக்கும் குறைவில்லை, ஈரத்துக்கும் குறைவில்லை. மழை மட்டும் இல்லை. மேற்குமலைத் தொடரில் நீரைச் சொரிந்துவிட்டுக் கீழிறங்கும் காற்று சூடேறுவதால், அதன் கிழக்குப் பக்கத்தே காற்று மேலெழுந்து குளிர்வதற்கு இடமில்லாது போகின்றது. வித்து எத்துணை நல்லதாயினும், காற்று மேலெழாவிடத்து அது முளையாது. ஐப்பசியிற் கொண்டல் திரும்பிய பின்னரே முகில் திரள்கின்றது. கீழ்காற்றுக்கும் மேகத்துக்கும் கொண்டல் என ஒரே பெயர் நம் மொழியில் வழங்குவது இக் கரையினர்க்கு எத்துணைப் பொருத்தம்!

உப்பேயன்றிப் புகையும் அந் நாட்டில் மிகுதி. கமுதி, முதுகுளத்தூர்ப் பக்கங்களிற் சீமைக்கருவேல் விறகை அடுக்கி, மண்ணால் மூடிச் சுடும் கரிமூட்டங்கள் பல குடும்பங்களுக்குச் சோறிடுகின்றன. தூத்துக்குடிக் கரையில் நிலக்கரியெரிக்கும் மின்நிலையங்கள் கந்தக வாயுவை விடுகின்றன. இவற்றின் துகள்கள் பிறந்தபடியே இரா. நீரை ஏற்காத புகைக்கரியின்மேல் நாளடைவிற் சல்பேட்டுப் படிந்து போர்வையாகிவிட, அதுவும் நீரை ஏற்கும் வித்தாகின்றது.

வித்துப் பெருகினால் மழை பெருகுமன்றோ எனின், அன்று. ஈண்டே நுட்பம் உளது. தூய கடற்காற்றில் எழும் முகிலில் ஒரு கன செண்டிமீட்டரில் ஏறத்தாழ 100 துளிகள் இருக்கும். புகை கலந்த காற்றிலோ பல நூறு, சிற்சில வேளை 1,000-க்கும் மேல். உள்ள நீர் ஒன்றே. பந்தியிற் பலர் அமர்ந்தால் ஒவ்வொருவர் இலையிலும் சோறு குறைவதுபோல ஒவ்வொரு துளியும் சிறுத்துவிடும். அத்தகைய முகில் வெயிலை மிகுதியாகத் திருப்பிவிட்டு வெண்மையாய்த் தோன்றும் என்பதைத் தூமி என்பவர் 1974-இல் எடுத்துக் காட்டினார். அழகிய வெண்முகில்தான், பொழிவதற்கோ தயங்கும். ஒரு மழைத்துளிக்குச் சற்றேறக்குறைய பத்து இலட்சம் முகிற்றுளிகள் ஒன்றுகூட வேண்டும். யாவும் ஒத்த சிறுமையவாயின் அவை மோதி ஒன்றுசேர்வது அரிது. அக் கூட்டத்திற் பெரிய உப்புத்துகள் சில புகுந்தாற் பெருந்துளிகள் உண்டாகி, விழும் வழியிற் சிறியவற்றைத் திரட்டிக்கொண்டு இறங்கும்.

துகளின் பொருளைவிட அதன் பருமனே முதன்மையென்று ஜெர்மனியில் நடந்த ஓராராய்ச்சி 2006-இல் முடிவு கூறிற்று. அது பெரும்பாலும் பழகிக் கலந்துபோன உள்நாட்டுக் காற்றுக்குப் பொருந்தலாம். ஒரு பக்கம் புத்தம்புதிய உப்பும், மறுபக்கம் அன்றெழுந்த புகையும் சந்திக்கும் கடற்கரையில், பொருளைப் புறக்கணித்தல் தகாதென்றே எனக்குத் தோன்றுகின்றது.

இக் கருத்துக்கு அரண் செய்வது 1999-ஆம் ஆண்டுத் தொடக்க மாதங்களில் இந்துமாக்கடலில் நிகழ்ந்த பேராராய்ச்சியாம். அதற்குத் தலைமை பூண்டோருள் ஒருவர் சென்னையிற் பிறந்த வீ. ராமநாதன். கப்பலும் விமானமும் சென்றன. மாலத்தீவுகளில் காசிதூ என்னும் தீவில் நிலையமும் அமைந்தது. அப் பருவத்தில் நம் நாட்டு மேலாகக் கடந்து தெற்கே செல்லும் காற்று, பெரும் புகைப்படலத்தை அக் கடல்மேல் விரித்திருந்தது. அதன் நுண்டுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சல்பேட்டும் அமோனியமும், நாலில் ஒரு பங்கு கரிமப் பொருள், ஏழில் ஒரு பங்கு புகைக்கரி. பெரும்பகுதி மனிதர் செயலால் விளைந்தது. புகைக்கரி வெயிலை விழுங்கிக் காற்றைச் சூடாக்குதலால், தோன்றிய சிறு முகில்களும் கலைந்துபோகக்கூடுமென்று 2000-இல் அவ்வாராய்ச்சியினின்றே எடுத்துரைக்கப்பட்டது. அப் புகையில் நம் ஊர் அடுப்புகளுக்கும் பங்குண்டு.

எலியாவின் ஊழியன் கடலினின்று எழக்கண்ட உள்ளங்கையளவு மேகத்தைப்போல ஒன்றை வானிற் காண ஏங்கும் நாடுகள், தாமே வித்திடவும் முயன்றுள. தமிழ்நாட்டரசாங்கம் 1983 முதற் சில வறட்சி ஆண்டுகளில் இதனைச் செய்வித்தது. பூனா வெப்பமண்டல வானிலை ஆராய்ச்சி நிலையத்தார் 2018, 2019-ஆம் ஆண்டுகளிற் சோலாப்பூரில் 276 முகில்களைத் தெரிந்து, 154-இல் நீரேற்கும் உப்புத்துகளைத் தூவி, ஏனையவற்றை வாளா விட்டு ஒப்புநோக்கினர். தூவிய முகிலின் காற்றுப் போக்கிலுள்ள நிலத்தில் மழை சராசரி நூற்றுக்கு ஏறத்தாழ 18 பங்கு மிகுந்ததென அறிவித்தனர். சோலாப்பூரும் சேது நாடுபோல மேற்குமலையின் மழைமறைவிலுள்ளதே. ஆயின் அது கடலுக்கெட்டாத உள்நாடு. கீழக்கரையிலோ அலையே கூலியின்றி உப்பைத் தூவிக்கொண்டிருக்கின்றது. ஆகலின் அக் கரைக்கு விமானம் அனுப்பக் கருதுவோர், ஐப்பசி கார்த்திகையிற் கொண்டலொடு வரும் முகிலினுள் உப்பு எத்துணை, புகை எத்துணை என்று முன்னரே அளந்துகொள்ளல் வேண்டும்.