பாடநூல் கைப்பேசிக்குள் போகிறது: நம் கடைச் சரக்கு என்னாவது?



கல்லூரி திறந்தால் பாடப் புத்தகமும் நோட்டும் சேர்ந்தே விற்கும் என்பது நம் பழைய கணக்கு. புத்தகக் கடைக்காரர்கள் மட்டுமல்ல, கல்லூரிக்கு அருகில் மளிகையோடு நோட்டு, பேனா வைத்து விற்பவர்களும் இதை நம்பியே முதல் போட்டு வந்தோம். இன்று நோட்டு விற்கிறது. புத்தகம் அலமாரியிலேயே தங்குகிறது. இதன் காரணத்தை அறிந்துகொண்டால் முதல் முடங்காமல் காத்துக்கொள்ளலாம்.

நம் தர்மபுரி மாவட்டத்தில் கல்லூரிகள் பெருகியே உள்ளன. பழைய அரசு கலைக் கல்லூரியோடு, 2008-ல் அரசு மருத்துவக் கல்லூரியும், 2013-ல் செட்டிக்கரையில் அரசு பொறியியல் கல்லூரியும் வந்தன. பென்னாகரம், காரிமங்கலம், பாப்பிரெட்டிப்பட்டி, அரூர் ஆகிய ஊர்களிலும் அரசு கலைக் கல்லூரிகள் உள்ளன. ஆகவே மாறியது வாடிக்கையாளர் அல்ல. புத்தகம் வந்து சேரும் வழிதான்.

2011-ல் தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. 2016-க்குப் பின் கைப்பேசி இணையக் கட்டணம் வெகுவாகச் சரிந்தது. 2020-ல் கொரோனா ஊரடங்கின்போது வகுப்பே கைப்பேசிக்கு வந்துவிட்டது. 2025-26 நிதிநிலை அறிக்கையில், 2 ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி அல்லது கைக்கணினி வழங்கப்படும் என்று மாநில அரசு அறிவித்தது. தேசிய மின்னூலகத்தில் நூல்கள் கிடைக்கின்றன. அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் குழு பொறியியல் பாடநூல்களைத் தமிழிலும் இணையத்தில் இலவசமாகத் தருகிறது. இலவசமாகக் கிடைப்பதோடு நாம் விலையில் போட்டியிட முடியாது.

ஆனால் காகிதம் போய்விடவில்லை. தேர்வைப் பெரும்பாலும் கையால்தான் எழுதுகிறார்கள். ரெக்கார்டு நோட்டும் கிராஃப் தாளும் இன்றும் வேண்டும். 22-9-2025 முதல் நோட்டுப் புத்தகங்களுக்கும் ஆய்வக நோட்டுகளுக்கும் ஜி.எஸ்.டி. இல்லை, முன்பு 12 சதவீதம் இருந்தது. கைப்பேசியில் படிப்பவரும் தேர்வு நெருங்கினால் முக்கியப் பக்கங்களை அச்செடுக்க நகல் கடைக்கே வருகிறார்.

இங்கே ஓர் எச்சரிக்கை. டெல்லிப் பல்கலைக்கழக வளாகத்து நகல் கடை மீது 2012-ல் பெரிய பதிப்பகங்கள் வழக்குத் தொடுத்தன. கற்பித்தலுக்காகத் தொகுத்த பாடப் பகுதிகளை நகலெடுக்கச் சட்டம் இடமளிக்கிறது என்று 2016-ல் டெல்லி உயர் நீதிமன்றம் கூறியது. இதை வைத்து, முழு நூலையும் படியெடுத்து பைண்டு செய்து அடுக்கி விற்கலாம் என்று எண்ணிவிடக் கூடாது. பதிப்புரிமைச் சட்டத்தின் 63-ஆம் பிரிவின்படி 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதமும் விதிக்கலாம். வாட்ஸ்அப்பில் வந்த நூல் என்பது காரணமாகாது.

எனவே நாம் செய்ய வேண்டியவை:

1. பாட நூல்களை முன்பணம் பெற்று, ஆர்டரின் பேரில் மட்டும் வரவழைக்கவும்.

2. விற்காததைத் திருப்பி எடுப்பார்களா என்பதைக் கொள்முதலின்போதே எழுத்தில் பெறவும்.

3. பாடத்திட்டம் மாறும் ஆண்டில் பழைய கையிருப்பை முன்கூட்டியே தள்ளுபடியில் தீர்க்கவும்.

4. ரெக்கார்டு நோட்டு, கிராஃப் தாள், அச்சுத்தாள் ஆகியவற்றைத் தேர்வுக்கு ஒரு மாதம் முன்பே இருப்பு வைக்கவும்.

மாணவர் நம் கடைக்கு வருவது நிற்கவில்லை. அவர் கேட்கும் சரக்குதான் மாறியிருக்கிறது. அதைக் கேட்டறிந்து கொள்முதல் செய்பவருக்கு நட்டமில்லை.