முகூர்த்தத்துக்கு முன்னால் ஒரு காகிதம்

கார்த்திகை மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்த காலை. புவனகிரியிலிருந்து பஸ் பிடித்துச் சிதம்பரம் வந்திறங்கிய அக்கா, சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் பக்கத்து டீக்கடையில் என் எதிரே உட்கார்ந்தார். டீ வருவதற்குள் மஞ்சப்பையிலிருந்து ஒரு கோடு போட்ட தாளை எடுத்து விரித்தார். நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய தாள். ஜோசியர் கையெழுத்தில் வைகாசி மாதத்து முகூர்த்த நாள் ஒன்று.

“பையன் சிங்கப்பூர்ல கப்பல் பட்டறையில வேல பாக்கறான். பொண்ணு மலேசியாவுல பொறந்த தமிழ்ப் பொண்ணு, சிங்கப்பூர்லயே நர்ஸு. வேதக்காரப் புள்ள. நமக்கு அதுல ஒண்ணும் இல்ல தம்பி. ஆனா திருவந்திபுரத்துல தாலி கட்டணும்னு எனக்கு வேண்டுதல். கோயில்ல ரசீது குடுப்பாங்க, அதை இங்க கொண்டாந்து பதிஞ்சா போதுமில்ல?”

கடலூர்ப் பக்கத்தில் பிறந்தவர்களுக்குத் திருவந்திபுரம் என்றாலே கல்யாணம்தான். முகூர்த்த நாளில் தேவநாத சுவாமி கோயிலுக்கு எதிரே ஔஷதகிரி மலைமேல் ஒரு ஜோடி மாலை மாற்றும்போதே அடுத்த ஜோடி படியேறி வந்துவிடும். அந்தக் கூட்டத்தில் தன் பிள்ளையும் நிற்க வேண்டும் என்று ஒரு தாய் ஆசைப்படுவதில் தப்பே இல்லை. ஆனால் அக்கா கேட்ட கேள்விக்கு என் பதில், “போதாது” என்பதுதான். ஏன் என்பதை நிதானமாகச் சொன்னேன். வெளிநாட்டில் பிள்ளை இருக்கிற எல்லா வீட்டுக்கும் இது பயன்படும் என்பதால் இங்கேயும் எழுதுகிறேன்.

முதலில், கோயில் கல்யாணத்தைச் சட்டம் எப்போது ஏற்கிறது? 1955-ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டம் இரண்டு இந்துக்களுக்கு இடையே நடக்கும் திருமணத்துக்கு உரியது. பௌத்தர், சமணர், சீக்கியரும் அதற்குள் வருவார்கள். ஒருவர் இந்து, மற்றவர் கிறிஸ்தவர் என்றால் அந்தச் சட்டத்தில் இடமில்லை. ஆந்திராவில் கத்தோலிக்க ஆண் ஒருவர் இந்துப் பெண்ணுக்குக் கோயிலில் தாலி கட்டினார். திருமணத்தைப் பதிவும் செய்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அந்தத் திருமணம் செல்லாது என்று 2008 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. கையில் பதிவுச் சான்று இருந்தும் அது காப்பாற்றவில்லை.

“ஊரே பாத்த கல்யாணம் எப்படித் தம்பி செல்லாமப் போவும்?” என்றார் அக்கா.

நம் தமிழ்நாட்டிலேயே அது நடந்திருக்கிறது. புரோகிதர் இல்லாமல், ஊர் கூடி, தலைவர்கள் வாழ்த்திப் பேச, ஆயிரக்கணக்கான சுயமரியாதைத் திருமணங்கள் நடந்துகொண்டிருந்த காலத்தில், 1953-ல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த முறை சட்டப்படி செல்லாது என்று சொல்லிவிட்டது. அந்த வழக்கே சொத்துத் தகராறில் எழுந்ததுதான். கணவன், மனைவி, பிள்ளைகள் என்று வாழ்ந்தவர்களின் உறவு ஒரே தீர்ப்பில் கேள்விக்குறியானது. 1967-ல் அண்ணா முதல்வரானதும் இந்துத் திருமணச் சட்டத்தில் 7-ஏ என்ற பிரிவைச் சேர்த்து, அதற்கு முன் நடந்தவற்றையும் செல்லும்படி ஆக்கினார். மாலை மாற்றினாலும் மோதிரம் அணிவித்தாலும் தாலி கட்டினாலும் போதும் என்று அந்தப் பிரிவு சொல்கிறது. ஆனால் அதுவும் இரு தரப்பும் இந்துவாக இருந்தால்தான். அக்காவின் வருங்கால மருமகளுக்கு அது உதவாது.

அப்படியானால் பதிவு எதற்கு? தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டின் திருமணப் பதிவுச் சட்டப்படி, எந்த மதத்தவராக இருந்தாலும் இங்கே நடந்த திருமணத்தை 90 நாளுக்குள் பதிய வேண்டும். கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள் அவகாசம் உண்டு. அந்தப் பதிவு, நடந்த திருமணத்துக்குச் சாட்சி. நடக்காததை நடந்ததாக்காது, செல்லாததைச் செல்லும்படி ஆக்காது. விசாவுக்காக முதலில் சான்று மட்டும் வாங்கிக்கொள்வோம், சடங்கைப் பிறகு பார்த்துக்கொள்வோம் என்று செய்கிற இந்துக் குடும்பங்கள் நிறைய. சடங்கு நடக்காமல் சான்று மட்டும் இருந்தால் அது இந்துத் திருமணம் ஆகாது என்று 2024-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

டீ வந்தது. அக்கா ஊதி ஊதிக் குடித்தார். “அப்ப என்னதான் வழி?”

வழி மூன்று இருக்கிறது. ஜோசியர் தாளின் பின்பக்கத்தை அவர் அனுமதியோடு திருப்பி, பேனாவால் எழுதிக் காட்டினேன்.

ஒன்று, மாதாகோயில். 1872-ஆம் ஆண்டின் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி, மணமக்களில் ஒருவர் மட்டும் கிறிஸ்தவராக இருந்தாலும் திருமணம் செல்லும். பெண் வீட்டார் விரும்பினால், பையனும் சம்மதித்தால், அது நேரான வழி.

இரண்டு, 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம். இதில் மதமும் தடையில்லை, எந்த நாட்டுக் குடிமகன் என்பதும் தடையில்லை. பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். இருவருக்கும் உயிரோடிருக்கும் வேறு துணை இருக்கக் கூடாது. வெளிநாட்டவர் என்றால் பாஸ்போர்ட், விசா, தன் நாட்டு அதிகாரிகளிடம் வாங்கிய மணமாகாதவர் சான்று ஆகியவற்றைக் கேட்பார்கள். முன்பு மணமானவர் என்றால் விவாகரத்துத் தீர்ப்பு அல்லது இறப்புச் சான்று வேண்டும்.

இதில் கவனிக்க வேண்டியது நாள் கணக்கு. இருவரில் ஒருவராவது நோட்டீஸ் கொடுப்பதற்கு முன் 30 நாள் அந்தத் திருமண அலுவலரின் எல்லைக்குள் குடியிருக்க வேண்டும். நோட்டீஸை அலுவலகப் பலகையில் ஒட்டுவார்கள். ஆட்சேபம் சொல்ல 30 நாள். அதன்பிறகுதான் திருமணம். நோட்டீஸ் கொடுத்து 3 மாதத்துக்குள் முடிக்காவிட்டால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். பையனுக்குக் கிடைப்பது ஒரு மாத லீவு. தேவைப்படுவதோ இரண்டு மாதம்.

இந்த நாள் கணக்கு பலரைப் பாடாய்ப் படுத்தியிருக்கிறது. கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரு பெண்ணும் அமெரிக்கக் குடிமகன் ஒருவரும் இதே சட்டத்தின்கீழ் நோட்டீஸ் கொடுத்தார்கள். மாப்பிள்ளை நேரில் வந்து காத்திருந்தார். 30 நாள் கடந்தும் காரியம் நடக்கவில்லை, லீவு முடிந்து திரும்பிவிட்டார். 2022 ஜூலையில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், காணொளி வழியாகவே மூன்று சாட்சிகள் முன்னிலையில் திருமணத்தை நடத்தும்படி உத்தரவிட்டார். மாப்பிள்ளை எழுதித் தந்த அதிகாரப் பத்திரத்தின் பேரில் அவருக்காகவும் மணப்பெண்ணே கையெழுத்திடலாம் என்றார். நல்ல தீர்ப்பு. ஆனால் ஒவ்வொரு கல்யாணத்துக்கும் உயர் நீதிமன்றம் போக முடியுமா?

இந்த வழியில் அக்காவுக்குப் பிடித்த ஒரு செய்தியும் இருந்தது. சிறப்புத் திருமணச் சட்டம் சடங்கை விலக்கவில்லை. அலுவலர் முன்னிலையில், மூன்று சாட்சிகள் கேட்க, இன்னாரை என் சட்டப்படியான மனைவியாக, கணவனாக ஏற்கிறேன் என்று இருவரும் ஒருவருக்கொருவர் தெரிந்த மொழியில் சொல்ல வேண்டும். அதைச் சொன்னால்தான் திருமணம் முழுமையாகும். மற்றபடி எந்த முறையில் வேண்டுமானாலும் நடத்தலாம். அங்கேயே மஞ்சள் கயிறும் கட்டலாம். கட்டணம் செலுத்தினால் அலுவலர் பக்கத்திலிருக்கும் இடத்துக்கு வந்தும் நடத்தித் தருவார்.

நிலம் வைத்திருக்கிற வீடு என்பதால் இன்னொன்றையும் சொன்னேன். இந்து ஒருவர் இந்து அல்லாதவரை இந்தச் சட்டப்படி மணந்தால், கூட்டுக் குடும்பத்திலிருந்து பிரிந்தவராகக் கருதப்படுவார். பங்கு பறிபோகாது. ஆனால் அதன்பின் அவர் சொத்துக்கு வாரிசுக் கணக்கு 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி போகும். அண்ணன் தம்பிகள் இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் பின்னால் மனக்கசப்பு வராது.

மூன்றாவது வழி, அவர்கள் வாழும் ஊரிலேயே திருமணம். சிங்கப்பூரில் திருமணப் பதிவகத்துக்கு நோட்டீஸ் கொடுத்து 21 நாள் கழித்து, 3 மாதத்துக்குள், உரிமம் பெற்ற ஒருவர் முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு முடிக்கலாம். ஆனால் இந்த இடத்தில்தான் நம் ஊர்ப் பிள்ளைகள் தெரியாமல் மாட்டிக்கொள்கிறார்கள். ஒர்க் பெர்மிட்டில் இருப்பவர், சிங்கப்பூர்க் குடிமக்களையோ நிரந்தரவாசிகளையோ மணப்பதாக இருந்தால், மனிதவள அமைச்சின் அனுமதியை முன்கூட்டியே வாங்க வேண்டும். சிங்கப்பூரில் மணந்தாலும் சரி, சிதம்பரத்தில் மணந்தாலும் சரி. வாங்காமல் மணந்தால் பெர்மிட் ரத்தாகலாம், மறுபடி அந்த நாட்டுக்குள் நுழைய முடியாமலும் போகலாம்.

“பொண்ணு அங்க பி.ஆர்.னு சொன்னான்” என்றார் அக்கா மெதுவாக. டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டார்.

பி.ஆர். என்றால் நிரந்தரவாசி. ஆக, பையன் ஒர்க் பெர்மிட்டில் இருந்தால், எந்த வழியில் போனாலும் முதல் காகிதம் அந்த அனுமதிதான். முகூர்த்தம் அதற்கு அப்புறம்.

சிங்கப்பூரில் முடித்தால், இந்தியத் தூதரகத்தில் 1969-ஆம் ஆண்டின் அயல்நாட்டுத் திருமணச் சட்டப்படி அதைப் பதிந்துகொள்ளலாம். பெண் மலேசியக் குடிமகள் என்பதால், திருமணமான 6 மாதத்துக்குள் மலேசியத் தூதரகத்திலோ தேசியப் பதிவுத் துறையிலோ பதிய வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். பிறகு ஊருக்கு வந்து விருந்து வையுங்கள், ஊரைக் கூட்டுங்கள். ஆனால் அந்த விருந்து நாளைக் கல்யாண நாள் என்று சொல்லி இங்கே இன்னொரு சான்று வாங்காதீர்கள். ஒரே ஜோடிக்கு இரண்டு கல்யாணத் தேதி இருந்தால், விசா அதிகாரி கேட்கிற முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

இது நம் ஊர்க் கவலை மட்டுமில்லை. நைஜீரியாவில் சட்டப்பதிவுத் திருமணம், இனவழக்குத் திருமணம், இஸ்லாமியத் திருமணம் என மூன்று வகை உண்டு. இக்போ மக்களின் கல்யாணத்தில், பெண் பனங்கள் நிறைந்த கோப்பையை ஏந்திக்கொண்டு கூட்டத்துக்குள் தன் மாப்பிள்ளையைத் தேடிப் போவாள். கண்டுபிடித்துக் கையில் கொடுத்ததும் ஊர் ஆரவாரிக்கும். அங்கே அது உண்மையான கல்யாணம். சில சமூகங்களில் மாப்பிள்ளை வெளிநாட்டில் இருந்தாலும் அவருக்குப் பதில் உறவினர் நின்று முடித்துவிடுவார்கள். அப்படி மணந்த ஒரு நைஜீரியரின் வழக்கில், மனைவி நெதர்லாந்துக் குடிமகள் என்பதால் அந்நாட்டுச் சட்டம் இதை ஏற்குமா என்று 2014-ல் இங்கிலாந்துத் தீர்ப்பாயம் கேட்டது. ஆதாரம் இல்லை என்று தள்ளிவிட்டது. அப்படிக் கேட்டதே தவறு என்று 2017-ல் வேறொரு வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. சரி தவறு தெளிவாவதற்கே மூன்று வருஷம். அதுவரை அந்த நிலையில் இருந்த குடும்பங்கள் எப்படி நிம்மதியாக இருந்திருக்கும்?

லாகோஸில் ஒரு தாயும் புவனகிரியில் ஒரு தாயும் கேட்பது ஒரே கேள்விதான்: நாங்கள் கண்ணால் பார்த்த கல்யாணத்தை அந்த நாடு ஏன் நம்ப மாட்டேன் என்கிறது? நம் ஊரில் நம்மை அறிந்தவர்கள் சாட்சி. கடல் தாண்டினால் நம்மை அறிந்தவர் யாருமில்லை. காகிதம்தான் சாட்சி. துணைவர் விசா, பிறக்கிற குழந்தையின் குடியுரிமை, ஆஸ்பத்திரியில் கையெழுத்து, கணவர் வேலைத்தலத்தில் விபத்தில் இறந்தால் இழப்பீடு, எல்லாம் அந்த ஒரு தாளில்தான் தொங்குகின்றன. தாள் சரியில்லை என்றால் அதிகம் தவிப்பது பெரும்பாலும் பெண்தான். கைவிட்டுப் போன கணவனிடம் ஜீவனாம்சம் கேட்டுப் போகிறவளிடம், நீ அவனுக்குச் சட்டப்படி மனைவியே இல்லை என்று எதிர்த்தரப்பு வக்கீல் சொல்வதை நான் கோர்ட் வாசலில் நின்று கேட்டிருக்கிறேன். அந்தப் பெண்ணின் கழுத்தில் தாலி இருந்தது. இப்படிக் கல்யாணப் பதிவுக்கு வழி சொல்லும் வேலையில் எனக்கு 30 வருஷம் ஆகிறது. அந்த முகம் இன்னும் மறக்கவில்லை.

அக்கா தாளைத் திரும்பத் திரும்பப் புரட்டினார். ஒரு பக்கம் மஞ்சளும் முகூர்த்தமும். மறுபக்கம் என் எழுத்தில் மூன்றாவது வழிக்கான வரிசை: முதலில் அமைச்சின் அனுமதி, பிறகு மணமாகாதவர் சான்றுகள், பதிவகத்துக்கு நோட்டீஸ், திருமணம், இரண்டு தூதரகங்களிலும் பதிவு, வைகாசியில் ஊரில் விருந்து.

“அப்ப வைகாசி நாளை மாத்த வேணாமில்ல?”

“வேணாங்க்கா. அன்னிக்கு விருந்து வைங்க. திருவந்திபுரம் போயி உங்க வேண்டுதலைப் பெருமாள்கிட்ட நீங்க சொல்லிக்கங்க.”

தாளை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தார். எழுந்தவர், மழையைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றார். பிறகு மறுபடி உட்கார்ந்து அந்தத் தாளை வெளியே எடுத்தார்.

“தம்பி, இதையே இன்னொரு தாள்ல தெளிவா எழுதிக் குடுங்க. அந்தப் பொண்ணோட அம்மாவுக்கு அனுப்பணும். அவங்க மகளுக்குத்தான இது முக்கியம்.”

இன்னும் இரண்டு டீ சொன்னேன். புதுத் தாளில் முதல் வரியிலிருந்து எழுதத் தொடங்கினேன்.