சிவப்பா, மஞ்சளா, பச்சையா? திருவண்ணாமலையில் தூங்காத நர்சுகள்

பவுர்ணமி வந்துவிட்டால் திருவண்ணாமலையில் எள் போட்டால் எள் விழாது. 14 கிலோ மீட்டர் கிரிவலப் பாதையில் மக்கள் விடிய விடிய நடக்கிறார்கள். கார்த்திகை தீபத்தன்று கூட்டம் பல லட்சம்.

அந்த இரவில் கண் விழிப்பவர்கள் பக்தர்கள் மட்டும் அல்ல. அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவு நர்சுகளும்தான்.

கால் கொப்புளத்துடன் ஒருவர் நொண்டிக்கொண்டு வருவார். மயங்கி விழுந்த பாட்டியைத் தூக்கி வருவார்கள். நெஞ்சு வலி என்று இன்னொருவர். அதற்குள் செங்கம் ரோட்டில் விபத்து என்று '108' வண்டி வந்து நிற்கும்!

யாரை முதலில் பார்ப்பது?

முதலில் வந்தவரை அல்ல. உயிருக்குப் போராடுபவரைத்தான். தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரிகளின் விபத்து, அவசர சிகிச்சைப் பிரிவுகளில் இதற்காக மூன்று நிறம் வைத்திருக்கிறார்கள். உடனே கவனிக்க வேண்டியவர் சிவப்பு. சற்றுப் பொறுக்கலாம் என்றால் மஞ்சள். தானே நடந்து வருகிறவர் பெரும்பாலும் பச்சை. நாடி, மூச்சு, ரத்த அழுத்தம் பார்த்து நிறம் பிரிப்பதில் நர்சுக்குப் பெரிய பங்கு உண்டு.

பச்சையில் இருப்பவரின் உறவினர் சிலருக்கு இது புரிவதில்லை. "நாங்கள் அரை மணி நேரமாக நிற்கிறோம். இப்போது வந்தவருக்கு மட்டும் ஊசியா?" என்று சண்டைக்கு வருவார்கள். ஆஸ்பத்திரி ஊழியர்களைத் தாக்கினால் சிறைத் தண்டனை என்று 2008-ல் தமிழ்நாட்டில் சட்டமே வந்தது. ஏச்சுப் பேச்சு மட்டும் ஓயவில்லை.

இப்படிப்பட்ட வேலையில் மன நிறைவு உண்டா?

உண்டு. சிவப்பில் வந்தவர் கண் திறந்து, "ஒரு வாய் தண்ணீர் கொடம்மா" என்று கேட்பார். அதை அருகில் இருந்து பார்ப்பவர் நர்சுதான். எத்தனை வேலைகளில் இது கிடைக்கும்?

குறை எல்லாம் சம்பளத்தில்! 2015-ல் தமிழ்நாடு அரசு தேர்வு வைத்து 7 ஆயிரத்துக்கும் அதிகமான நர்சுகளை எடுத்தது. மாதம் 7,700 ரூபாய். இரண்டு ஆண்டுகளில் வேலை நிரந்தரம் என்று பேச்சு. நிரந்தர நர்சு பார்க்கும் அதே வேலை. சம்பளமோ அதில் ஒரு சிறு பங்கு.

2017 நவம்பரில் ஆயிரக்கணக்கான நர்சுகள் சென்னையில் திரண்டு, டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்து போராடினார்கள். ஐகோர்ட்டு சொன்ன பிறகு வேலைக்குத் திரும்பினார்கள். பின்னர் சம்பளம் 14 ஆயிரம் ஆயிற்று. அதன் பிறகு 18 ஆயிரம் என்று அறிவிப்பு வந்தது.

காலி இடம் வர வர ஒரு பகுதியினர் நிரந்தரம் ஆனார்கள். மற்றவர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். அவர்களுக்கும் ராத்திரி டியூட்டி முறை தவறாமல் வந்தது.