கூழா, களியா?

எண்பதுகளில் ஓசூர் சிப்காட் ஆலைகளில் வேலைக்குச் சேர்ந்த தலைமுறை இப்போது ஓய்வுபெற்றுவிட்டது. காலையில் நடக்கிறார்கள். ஆனாலும் சந்திரசூடேஸ்வரர் மலைப்படியில் முட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். “தினமும் நாலு கிலோமீட்டர் நடக்கிறேனே, அப்புறம் என்ன சார்?” என்பவருக்குப் பதில் அடுப்படியில் இருக்கிறது.

அதே கேழ்வரகு மாவு, அதே துடுப்பு. கூழை எவ்வளவு நேரம் துழாவினாலும் தோள் அசராது. களி இறுகும்போது நாலு சுற்றிலேயே கை கடுக்கும். நடை என்பது கூழ். இதயத்துக்கு நல்லது, தசைக்குப் போதாது. தசைக்குக் களியின் இறுக்கம் வேண்டும். களி கிண்டும் வரிசையிலேயே தசைப் பயிற்சியையும் செய்யலாம்.

உலை. தண்ணீர் கொதிக்காமல் மாவு போடுவதில்லை. முதல் ஐந்து நிமிடம் கை, கால், தோளை அசைத்து உடம்பைச் சூடேற்றுங்கள்.

மாவு. ஒரேயடியாகக் கொட்டினால் கட்டி தட்டும். முதல் வாரம் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது மட்டும், 8 முதல் 12 தடவை. அது எளிதானதும் கைக்கு ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில், பிறகு இரண்டு. சுவரைத் தள்ளுவது, குதிகாலைத் தூக்கி நிற்பது எல்லாவற்றுக்கும் இதே 8 முதல் 12 தடவைக் கணக்கு.

கிண்டல். கடைசி இரண்டு தடவை சிரமப்பட்டால்தான் களி பதம். முதல் சில வாரங்களில் கூடும் வலுவில் பெரும்பங்கு நரம்புகளுடையது: தூங்கிக் கிடந்த தசை நார்களையும் அவை வேலைக்கு அழைக்கின்றன. சதை திரள்வது அதன் பிறகுதான். மூச்சை அடக்காதீர்கள், மூட்டில் சுரீரென்று வலித்தால் நிறுத்துங்கள். இதய நோய், கட்டுக்கடங்காத ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டே தொடங்க வேண்டும்.

புழுங்கல். கிண்டிய களியை மூடிவைத்தால்தான் உள்ளே வேகும். தசை கட்டப்படுவதும் ஓய்வில்தான். அதனால் ஒருநாள் விட்டு ஒருநாள். 65 வயதைக் கடந்தவர்களுக்கு வாரம் இரண்டு நாளாவது தசைப் பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டி.

குழம்பு. வெறும் களி தொண்டையில் இறங்காது. கேழ்வரகில் சுண்ணாம்புச்சத்து உண்டு, புரதம் குறைவு. தசை கட்டும் செங்கல் கொள்ளிலும் மொச்சையிலும் முட்டையிலும் இருக்கிறது.

இந்த வயதில் இதெல்லாம் எடுபடுமா? பாஸ்டன் முதியோர் காப்பகம் ஒன்றில், சராசரி 90 வயதுள்ள 10 பேருக்கு மரியா ஃபியாட்டரோன் குழுவினர் 8 வாரம் கால் எடைப் பயிற்சி கொடுத்தார்கள். முடிவு 1990-ல் வெளியானது: பயிற்சியை முடித்த 9 பேரின் கால் வலு சராசரியாக 174 சதவீதம் கூடியிருந்தது.

நாளை நடைக்குக் கிளம்புமுன் கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, 30 விநாடியில் நாற்காலியிலிருந்து எத்தனை தடவை எழுகிறீர்கள் என்று எண்ணுங்கள். 65–69 வயதில் ஆண்களுக்கு 12, பெண்களுக்கு 11 வர வேண்டும். குறைந்தால் உலை வைத்துவிடலாம்.