வீட்டில் திருத்தும் பழைய லாண்ட் ரோவர்

மஸ்கெலியாவிலிருந்து மவுசாகலை நீர்த்தேக்கத்தை ஒட்டி வரும் பாதை, பாவாத மலை அடிவாரமான நல்லதண்ணியில் முடிகிறது. ஏற்ற இறக்கமும் ஓயாத மழையுமுள்ள இந்தப் பக்கத்தில் பழைய லாண்ட் ரோவர் ஒன்றை வீட்டிலேயே திருத்த நினைக்கிறீர்களா? முதலில் பெயின்ட் வாங்க ஓடாதீர்கள். அடியைப் பாருங்கள். முற்றம் சரிவென்றால் சில்லுகளுக்குக் கட்டை வையுங்கள்; ஜாக்கியை மட்டும் நம்பாமல் கனத்த மரக்குற்றிகளால் முட்டுக் கொடுத்த பின்பே உள்ளே நுழையுங்கள்.

1948இல் இந்த வண்டி வெளிவந்தபோது இங்கிலாந்தில் இரும்புத் தட்டுப்பாடு. எனவே மேற்கூட்டை அலுமினியக் கலவையில் செய்தார்கள். சேசிஸோ இரும்புத் தகடுகளை ஒட்டிய நீண்ட பெட்டி. உள்ளே புகும் சேறும் நீரும் உள்ளிருந்தே அதைத் தின்னும். மேலே பளபளப்பு, கீழே உளுத்த மரம்! சிறு சுத்தியலால் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு கணீரென்னும்; கறள் தின்றது மந்தமாய் ஒலிக்கும். பின் குறுக்குச் சட்டத்தையும் ஸ்பிரிங் மாட்டும் இடங்களையும் விட்டுவிடாதீர்கள். அந்தப் பிடி கழன்றால் அச்சு நகரும்; இறக்கத்தில் ஸ்டியரிங் சொன்னபடி கேட்காது. வண்டியில் இருப்பது உங்கள் பிள்ளைகள்.

கறளின் மேலேயே தகடு ஒட்டுவது ஏமாற்று வேலை. நல்ல இரும்பு தென்படும்வரை வெட்ட வேண்டும். வெல்டிங் தொடங்குமுன் பற்றரியையும் பெற்றோல் தாங்கியையும் கழற்றி அப்பால் வையுங்கள்.

ஸ்பிரிங் பட்டைகள் கறளால் ஒட்டிக்கொண்டால் வண்டி தூக்கித் தூக்கிப் போடும். பிரித்துத் தேய்த்து, வெடிப்புள்ள பட்டையை மாற்றுங்கள். றப்பர் புஷ் போல்ட்டுகளை, வண்டி சில்லில் நின்ற பிறகே முழுதாக இறுக்குங்கள். தொங்கும்போது இறுக்கினால் றப்பர் முறுகிக் கிழியும்.

மழைக்கு முன் சேசிஸின் நீர் வடியும் துளைகளைக் கம்பியால் குத்தித் திறந்துவிடுங்கள்.